எந்தத் தெரு என்று கேட்டவனுக்கு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ எனக்கு முன்னால் போய்விடுவாய் என்று சொன்னேன். உன் வீட்டுக்காரம்மா ஒருநாள் போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வரும் என்று சொன்னேன். உன்னுடைய அந்தத் துருப்பிடித்த ஜாமெட்ரி பாக்ஸ் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும் என்றுகூடச் சொன்னேன். எப்போது சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்று நீ கேட்பாய். கேட்கத்தான் நீ இல்லையே. அதனால் சொன்னேன் என்றே இருக்கட்டும்.

போன வாரம் தங்கச்சி, உன் வீட்டுக்காரம்மா, வந்தது. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரம். மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, "அண்ணா, இத உங்க கையில குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு" என்றது. நான் பேசினேன். வெயில், பஸ், வியாபாரம், என்னென்னமோ பேசினேன். டப்பாவை மட்டும் தங்கச்சி எதிரில் திறக்கவில்லை.

சாயங்காலம் திறந்தேன். துரு வாசனையும் பென்சில் சீவிய மரவாசனையும் சேர்ந்து வந்தது. கால் ஆடும் காம்பஸ். எண்கள் தேய்ந்துபோன கோணமானி. அடியில் நாலாக மடித்த இரண்டு சீட்டுகள், ஒன்றில் 'ஒட்டி', இன்னொன்றில் 'வெட்டி'. உன் கையெழுத்து. இத்தனை பழைய சாமான்களுக்கு நடுவில் ஒரே ஒரு புதுப் பென்சில், கூர்மையாகச் சீவி.

நம் வகுப்பை நினைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் ஆரம்பம், பத்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வந்தால் தமிழ் ஐயா பெஞ்சுகளை இரண்டு பக்கமாக இழுத்துப் போடச் சொல்வார். தலைப்பை போர்டில் எழுதுவார். ஒட்டிப் பேசுகிறவன் யார், வெட்டிப் பேசுகிறவன் யார் என்பதைச் சீட்டுதான் சொல்லும். மூடி ஒழுங்காக மூடுகிற டப்பா வகுப்பிலேயே உன்னுடையது ஒன்றுதான், அதனால் சீட்டுக் குலுக்க அதையே வாங்கிக்கொள்வார். மனசில் என்ன இருந்தாலும் சரி, சீட்டில் வந்த கட்சியைத்தான் பேச வேண்டும். அதற்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். எதிராளிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவன் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் "ஆமா, அதான் சொன்னேன்" என்று தலையாட்ட வேண்டும். தலையாட்டாவிட்டால் நமக்குப் பேச்சு கிடையாது, உட்கார வேண்டியதுதான்.

என் முதல் பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு நல்லது சினிமாக் கொட்டகையா, நூலகமா? எனக்கு நூலகம் வந்தது. நான் நூலகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. இருந்தாலும் விடுவேனா? தேசூரில் ஒரு பெரியவர் இருக்கிறார், கண் தெரியாமல் போய், தினம் நூலகத்துக்குப் போய்ப் போய்ப் பார்வை திரும்பிவிட்டது என்று ஒரு போடு போட்டேன். வகுப்பே வாயைப் பிளந்தது. எதிர் பெஞ்சிலிருந்து நீ மெதுவாக எழுந்தாய்.

"தேசூர்ல எந்தத் தெரு?"

"பஜார் தெரு."

"பஜார் தெருவுலதான் எங்க மாமா வீடு இருக்குது. பெரியவர் பேரு இன்னா?"

"அவரு இப்ப இல்ல. செத்துட்டாரு."

"எப்ப?"

"நேத்து."

தமிழ் ஐயாவே மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். பேச்சு விட்டதும் நீ என் பின்னாலேயே வந்தாய். அடிக்க வருகிறாய் என்று நினைத்தேன். "நீ நல்லாத்தான் பேசற. ஆனா எதிர்ல இருக்கறவன் இன்னா சொல்றான்னு கேக்கறதே இல்ல. நாளைக்கு சாயந்தரம் தண்ணி டேங்க் கிட்ட வா" என்றாய். உனக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்துக்காக வந்தவாசிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து ஆரணியில் அத்தை வீட்டில் தங்கியிருந்தவன் நீ. இருந்தும் ஏதோ இன்ஸ்பெக்டர் கூப்பிட்ட மாதிரி மறுநாள் நான் போய் நின்றேன்.

நீ ஒரு வாக்கியம் சொல்வாய், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அதற்கு வாலும் கொம்பும் முளைத்திருக்கும். "இல்ல, நான் அத சொல்லல" என்பாய். மறுபடி. "இல்ல." ஒருநாள் எனக்கு வெறி வந்துவிட்டது, நிறுத்தாமல் பேசினேன். தெரு விளக்கு எரிகிற வரைக்கும் பேசினேன். நீ கைகட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். மறுநாள் உன் அத்தை என்னை வழியில் பிடித்து நிறுத்தியது. "ஏம்பா, பேசிப் பேசி என் புள்ளைய ராத்திரி பட்டினி போட்டுட்டியே!" அன்றைக்குத்தான் தெரிந்தது, சமணரான உங்கள் நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டீர்கள் என்று. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டேன். "உன் பேச்சு முடியலயே" என்றாய். அதற்குப் பிறகு மேற்கே வானம் சிவந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆரணியில் என் வாயை மூடவைத்த ஒரே ஆள் சூரியன்.

ஆண்டு விழாவில் நம் இரண்டு பேரையும் மேடை ஏற்றினார்கள். தலைப்பு: பத்தாவதில் தவறியவன் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். ஆயிரம் பேர் கூட்டம். சரி, முந்நூறு. எனக்கு ஒட்டி, உனக்கு வெட்டி. நீ எழுந்து, எங்கள் வீட்டில் என் அப்பா நெய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதையெல்லாம் அவிழ்த்து விட்டாய். "தறியிலே ஒரு இழை அறுந்தால் யாரும் சேலையையே அறுத்துப் போடுவதில்லை. முடி போட்டுவிட்டு மேலே நெய்கிறார்கள். பரீட்சை ஒரு இழை. அறுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழாதே. கையிலே தொழில் இருக்கிறது, எழுந்து போ" என்றாய். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசு எனக்குக் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பா உன் கையில் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்தது. நீ பாஸ். நான் கணக்கில் போனேன், நாலே மார்க்கில். அன்றைக்குச் சாயங்காலமே நீ வீட்டுக்கு வந்தாய், கையில் இதே டப்பா. நான் தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்டோபர்ல எழுதிடுடா. கணக்கு ஒண்ணுதானே. தினம் வந்து நானே சொல்லித் தரேன்."

எனக்கு உள்ளே வெட்கம். வெட்கத்தை வெளியே காட்டுகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. நான் எழுந்து நின்று, மேடையில் நீ பேசியதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். இழை, முடி, அறுந்த இடம், எழுந்து போ, எல்லாம். வால் இல்லை, கொம்பு இல்லை. முடித்துவிட்டு, "நீ சொன்னது இதானே?" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு தலையாட்டினாய். "ஆமா. அதான் சொன்னேன்." டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன், நிஜமாக ஜெயித்தது அது ஒன்றில்தான்.

நீ காலேஜ் போனாய். போளூர் தாலுகா ஆபீசில் உனக்கு வேலை கிடைத்தது. நான் தறியிலிருந்து எழுந்து சேலை வியாபாரத்துக்கு வந்தேன். ஐயாவின் சட்டத்தை வைத்துத்தான் இன்றைக்கும் வியாபாரம். வருகிற அம்மாவிடம், "கலர் புடிச்சிருக்குது, கரைதான் கொஞ்சம் பெருசுன்னு நினைக்கிறீங்க, அதானேங்க?" என்பேன். அந்தம்மா தலையாட்டும். தலையாட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பி என்னிடம் கற்றுக்கொண்டு போகிறார்கள். எந்தத் தெரு என்று கேட்காதே.

வருஷா வருஷம் சனிக்கிழமை பார்த்து வருவாய், சட்டைப் பையில் தனித்தேர்வர் விண்ணப்பம் மடித்து வைத்திருப்பாய். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, முன்தலையில் முடி கொட்டின பிறகும் வந்தாய். கடைக்கு வந்தவர்கள் எதிரில் நான் சிரித்து மழுப்புவேன். "தாலுகா ஆபீஸ்காரு என்னை ஆபீசர் ஆக்காம விடமாட்டாரு போல." ஒரு தடவை மட்டும் நீ கடைக்கு வெளியே கூட்டிப்போய், குரலை இறக்கிச் சொன்னாய்: "டேய், அன்னிக்கு மேடையில நான் பேசனது சீட்டுல வந்ததுடா. என் மனசுல இருந்தது இல்ல. நான் நல்லா பேசித் தொலைச்சதால நீ படிப்ப வுட்டுட்ட." நான், "போடா பேஜார் புடிச்சவனே, டீ சாப்புடு" என்றேன். அவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் பஸ் ஏறி வருகிறான், அவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் வேலூர் ஆஸ்பத்திரி. நான் வந்தபோது சாயங்காலம். கழுத்து எலும்பு தெரிய, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். தங்கச்சி தட்டில் இட்லியோடு நின்றுகொண்டிருந்தது. நீ சாப்பாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய்.

"இந்த வருசமாவது எழுதினியாடா?"

"எழுதினேன்டா. பாஸ். உன்கிட்ட நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"கணக்கா? எவ்ளோ?"

"அறுபத்தி ரெண்டு. வந்தவாசியில சென்டர். முக்கோணம் வரையறப்ப பின்னால நின்னு பாத்துகினு இருந்த வாத்தியார், இந்த வயசுல இன்னா கைடா உனக்குன்னு கேட்டாரு."

நீ வாயைத் திறந்தாய். என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. "பொழுது போயிடும், ஜல்தி சாப்புடு மொதல்ல" என்று தட்டை வாங்கி உன் கையில் வைத்தேன். நீ ஒரு விள்ளல் எடுத்தாய். மென்றாய். பிறகு, மெதுவாகத் தலையாட்டினாய். "நல்லது" என்றாய். இரண்டு இட்லியும் சாப்பிட்டாய். பத்து நாளில் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

இப்போது கடையில் உட்கார்ந்து என்ன சொன்னாலும் எல்லோரும் நம்புகிறார்கள். நேற்று டீக்கடையில், நான் மேடை ஏறினால் மந்திரியே இறங்கிப் போய்விடுவார் என்று அடித்துவிட்டேன். "அப்பிடியாண்ணே!" என்றார்கள். எந்த ஊர், எந்த மந்திரி என்று ஒருத்தன் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் யாராவது கேட்பார்களா என்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். என்னைத் தடுக்க ஆள் இல்லாத ஊரில் எவ்வளவு பேசினாலும் பேசின மாதிரியே இல்லையடா. மேற்கே சிவந்தால் மட்டும் வாய் இன்னும் மூடிக்கொள்கிறது. எதிரில் யாரும் பசியோடு இல்லை என்று தெரிந்தும்.

தங்கச்சி பஸ் ஏறுகிறபோது, சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். "டப்பாவ எப்பம்மா எடுத்து வெச்சான்?" அது படியில் நின்று திரும்பி, "நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனீங்களே, மறுநாளு. ஊட்லருந்து எடுத்தாரச் சொல்லி, புதுப் பென்சில் வாங்கியாரச் சொல்லி, அவரே உக்காந்து சீவினாருங்கண்ணா. கை நடுங்கிச்சு, நான் சீவறேன்னாலும் குடுக்கல" என்றது. பஸ் கிளம்பிவிட்டது.

டப்பா இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பென்சில் முனை உடையாமல் இருக்க அதில் கொஞ்சம் பட்டு நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ஊரார் கேட்டால் இல்லை என்பேன். நான் எழுதவில்லையடா. வந்தவாசி சென்டரும் இல்லை, பின்னால் நின்ற வாத்தியாரும் இல்லை, அறுபத்தி ரெண்டும் இல்லை. விண்ணப்பத்தை மடிப்புகூடப் பிரிக்கவில்லை. பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன பொய் அது. நீயும் தலையாட்டிவிட்டு, மறுநாள் உட்கார்ந்து பென்சில் சீவியிருக்கிறாய்.

பாஸ் பண்ணினவனுக்கு எதுக்குடா பென்சில்?