அப்பாவுக்கு உன் புது விலாசம்

அன்பு மகள் ஷுவெனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் புது வீட்டில் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும்.

சீன வகுப்பில் மாப்பிள்ளை ‘துவோமெங்’ என்ற வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்று எழுதியிருந்தாய். இறந்தவர் கனவில் வருவது என்று அகராதி சொல்கிறதாம். அகராதிக்கு என்ன தெரியும், அதன் வீட்டில் யார் செத்தார்கள்? வந்து சிரித்துவிட்டுப் போனால் அது வெறும் கனவு. நம்மிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனால்தான் துவோமெங். உன் அப்பா சின்ன அத்தையின் கனவில் வந்து, “நீங்க எனக்குன்னு எரிச்சு அனுப்பின காகிதச் செருப்பு கடிக்குது, கொஞ்சம் பெருசா அனுப்புங்க” என்றாராம். உயிரோடு இருந்தபோது மட்டும் எந்தச் செருப்பு பிடித்தது அந்த மனுஷனுக்கு? பக்கத்து வீட்டு லின் அக்கா, “செத்தும் உங்கள வேலை வாங்குறாரே” என்று சிரித்தாள். பிறகு அப்பா என் கனவிலும் வந்து, தலைமாட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்றார். போய்ப் பார்த்தால் கல்லறையில் நிஜமாகவே விரிசல். அன்று லின் அக்காவும் சிரிக்கவில்லை.

எல்லோரிடமும் வந்தவர் உன்னிடம் மட்டும் வரவில்லை, அடக்கத்துக்கு நீ வராத கோபம் அவருக்குத் தீரவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். அடி அசடே, விமானமே பறக்காத நேரத்தில் நீ எப்படி வருவாய், அது அவருக்குத் தெரியாதா என்று பதில் எழுதத்தான் நினைத்தேன். மத்தியானம் பட்டாணி உரித்தபடியே கண் அசந்துவிட்டது. அப்பா ஈரக் காலோடு வாசலில் நிற்கிறார், உள்ளே வரவில்லை. “ஷுவென் வீடு மாத்திட்டாளாமே, எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. பழைய வீட்டுக் கதவத் தட்டித் தட்டிப் பாக்குறேன், வேற யாரோ தெறக்குறாங்க” என்றார். விழித்தபோது வாசற்படியில் ஈரம். பூனையாக இருக்கலாம். பூனை என்றே வைத்துக்கொண்டேன்.

உன் புது விலாசத்தை நம் எழுத்தில் பெரிதாக எழுதி, பெரிய செருப்போடு சேர்த்து எரித்துவிட்டேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றும் எழுதினேன். மாப்பிள்ளை பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவை. அப்பா வந்து எது கேட்டாலும் உடனே எனக்கு எழுது, செய்துவிடலாம். ஒன்றும் கேட்காமல் உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், அது வெறும் கனவுதான். மாப்பிள்ளையின் பாடத்துக்கு உதவாது. எனக்கும் சொல்ல வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

இருவரும் வயிறார உண்டு, நிம்மதியாகத் தூங்குங்கள். வாசல் விளக்கை மட்டும் அணைக்காதே.

உன் அம்மா,
ஹுவாங் மெய்யூ