கொட்டாவிக்கு மாமன் இல்ல

மாப்ள வேலாயுதம் அவங்களுக்கு, கிராஞ்சியிலேருந்து சேதுபதி எழுதிக்கிறது.

எப்படி இருக்கீங்க மாப்ள? முதுகு வலி தேவலையா? சர்க்கரை ஏறாம இருக்கா? நல்லா இருங்க. மரியாதைக்குக் கேக்கல. நீங்க தெம்பா இருந்தாத்தான் இந்தக் கடுதாசியக் கடைசி வரைக்கும் வாசிப்பீங்க. பாதியில தலை சுத்தி உக்காந்துட்டீங்கன்னா நட்டம் எனக்குத்தான்.

இதை ஏன் போன்ல சொல்லக்கூடாதுன்னு கேக்க உங்களுக்கு வாயில்ல. என் நம்பர ப்ளாக் பண்ணி வச்சிருக்கீங்க. தங்கச்சி சுதா நம்பருக்கு அடிச்சா நீங்க எடுக்குறீங்க, எடுத்துட்டு மூச்சு மட்டும் விடுறீங்க. இந்தத் தீவுல அந்தக் கோடி பிடோக்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்கு இந்தக் கோடியிலேருந்து ஸ்டாம்பு ஒட்டி எழுதுறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். தபால் பெட்டி எங்க இருக்குன்னு எங்க லாரி ஓட்டுற ஜலாலுதீன் அண்ணனைக் கேட்டேன். யாருக்குடா எழுதுற, பொம்பளப் புள்ளைக்கான்னு கேட்டாரு. ஆமாண்ணே, எட்டு வயசுப் பொம்பளப் புள்ளைக்கு, நடுவுல அவங்க அப்பா உக்காந்திருக்காருன்னேன். இன்னைக்குப் போற வழியில பெட்டியில போட்டாத்தான் ஞாயித்துக்கிழமைக்கு முந்தி உங்க கைக்கு வருமாம். அதனால லாரி வர்ற வரைக்கும் எழுதுவேன், எழுதுன மட்டும் போட்டுருவேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல உங்க மக நிரஞ்சனாவுக்குத் திரும்பவும் காது குத்தப் போறீங்களாம். உங்க சித்தப்பா மகன் ரஞ்சன் மடியில உக்கார வச்சுக் குத்தப் போறீங்களாம். சேதி எப்படி வந்துச்சுன்னு சுதாவை உருட்டாதீங்க. தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்க நிக்கிறவ அண்ணனைப் பாத்தா தலைய திருப்பிக்கிட்டா போவா?

ரஞ்சன் நல்ல பையன்தான். அவனுக்கும் மடி இருக்கு, நான் இல்லங்கல. ஆனா அது சித்தப்பன் மடி. காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேணும். உங்க தாத்தா காலத்துலயே கப்பலேறி வந்துட்ட குடும்பம், முறை எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லுவீங்க. பொண்ணு எடுக்குறதுக்கு மட்டும் எங்க ஊரு எப்படி ஞாபகம் வந்துச்சு? மாமன் செத்துட்டா வேற ஆளு பாக்கலாம். குருக்கள் கேட்டா என்ன சொல்லப் போறீங்க, நான் செத்துட்டேன்னா? சொல்லிடுங்க. சொல்லிட்டு ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எங்க ஆத்தா பாவம், எதுவும் தெரியாம எனக்குப் பொண்ணு தேடிக்கிட்டுத் திரியுது.

போன தடவை நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்க சொல்றது எல்லாத்தையும் விட மோசம். நடந்தது இதுதான். பிள்ளை என் மடியில நல்லாத்தான் உக்காந்திருந்துச்சு. புதுப் பாவாடை, தலையில பூ. சிராங்கூன் ரோட்டு ஆசாரி ஊசியக் கொண்டாந்தாரு. ஊசி காதுல லேசாப் பட்டுச்சு, அவ்வளவுதான், ஆசாரி விரலக் கடிச்சுட்டா. நல்ல கடி. கடிச்சுப்புட்டு அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி, காது குத்துனா கொட்டாவி பேசறது கேக்காது, மாமாதான் சொன்னாருன்னு கத்துனா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நீங்க மட்டும் பாக்கல. ஆசாரியப் பாத்துக்கிட்டே சொன்னீங்க: "செடி வெட்டுறவன வீட்டுக்குள்ள விட்டேன்ல, என்னைச் சொல்லணும்."

அந்த வார்த்தைய நான் இங்க பத்திரமா வச்சிருக்கேன் மாப்ள. சோறு திங்கும்போது எடுத்துப் பாத்துக்குறேன்.

ஆமா, சொன்னேன். தப்புன்னு எழுத வரல. நான் தீம் பார்க்குல செடி வெட்டுறேன்னு தெரிஞ்சதுலேருந்து, நான் வீட்டுக்கு வர்ற ஞாயிறெல்லாம் அங்க என்ன மாமா இருக்குன்னு அவ கேப்பா. வாசல்ல வாயத் தொறந்துக்கிட்டு ஒரு டிராகன் நிக்கும், வீடு கணக்கா. அது கழுத்தைச் சுத்தித்தான் நம்ம காகிதப்பூச் செடி. எப்பவும் வாய் தொறந்தே இருக்குறதால கொட்டாவின்னு பேரு வச்சது அவதான். பார்க்கு மூடுனதும் மிருகமெல்லாம் பேசும்னு நான் ஆரம்பிச்சு வச்சேன். மெயின் சுவிட்சு ராசான்னு ஒரு வில்லன் கட்டிப் போட்டிருந்த ராட்டினக் குதிரைய எல்லாம் நிரஞ்சனா அவுத்து விட்டதோட மொதப் பாகம் முடிஞ்சுச்சு. அப்ப கேட்டா பாருங்க ஒரு கேள்வி: அவங்க பேசறது அப்பாவுக்கு மட்டும் ஏன் மாமா கேக்கலன்னு. நீங்க சோபால போன் நோண்டிக்கிட்டு இருந்தீங்க. உங்க காதைப் பாத்தேன். சின்ன வயசுல குத்துன ஓட்டை தெரிஞ்சுச்சு. காதுல ஓட்டை இருந்தா அவங்க பேச்சு ஒழுகிப் போயிரும்டா கண்ணுன்னேன். கதைக்கு ஒரு காரணம் வேணும்ல. பெரியவங்களுக்குக் கேக்காததுக்கு வேற என்ன காரணம் சொல்ல? உண்மையச் சொல்லியிருந்தா உங்களுக்கு இன்னும் கோவம் வந்திருக்கும்.

சரி, நான் செஞ்சது அது. நீங்க செஞ்சது? டிக்கெட் எடுத்து பிள்ளைய அங்கயே கூட்டிட்டுப் போய், கொட்டாவிய விரல் முட்டியால டொக்கு டொக்குன்னு தட்டி, பாரு, ஃபைபர், உள்ள ஒண்ணுமில்லன்னு காட்டுனீங்க. அதோட விட்டீங்களா? அது வாய்கிட்ட அவ காதை வச்சு, இப்ப கேளு, பேசுதான்னு கேட்டீங்க. அது பேசல. பட்டப்பகல்ல கூட்டத்துல அது எப்படிப் பேசும்? நீங்க ஜெயிச்சுட்டீங்க. அப்ப அவ உங்ககிட்ட என்ன சொன்னா? "ஊசி பட்டுருச்சுல்லப்பா, அதான் கேக்கல." இதையும் சுதா சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது மீன் பையக் கீழ வச்சுட்டா.

அன்னையிலேருந்து பிள்ளை ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டுத்தான் தூங்குதாம். ஸ்கூல்லயும் அப்படித்தான் உக்காந்திருக்குன்னு டீச்சர் கூப்பிட்டு விட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை நாலு பேரு பிடிச்சுக்கிட்டா ஓட்டை விழும் மாப்ள. யாரு மடின்னாலும் விழும். அதுக்கப்புறம் அந்தக் கை எறங்குமா? எறங்காட்டி, கொட்டாவியத் தட்டுன மாதிரி பிள்ளையவும் தட்டியா பாப்பீங்க?

அதனால ரெண்டாம் பாகம் எழுதுறேன். உங்களுக்காக இல்ல. நீங்கதான் வாசிச்சுக் காட்டணும், அது உங்களுக்குத் தண்டனைன்னே வச்சுக்கங்க. என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்காதீங்க. எங்கயும் பேரையோ சட்டையையோ மாத்தாதீங்க, எனக்குத் தெரிஞ்சு போயிரும்.

குதிரைங்க அவுந்து போனதுலேருந்து மெயின் சுவிட்சு ராசாவுக்குத் தூக்கமில்ல. ராசா எப்படி இருப்பான்னா, மீச கிடையாது, கண்ணாடி போட்டிருப்பான், சட்டைய உள்ள விட்டிருப்பான், கையில கார் சாவிய ஆட்டிக்கிட்டே நடப்பான். யாரு மாதிரி இருக்குன்னு பிள்ளை கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க. அவன் இப்ப ஒரு புது வித்தை கத்துக்கிட்டு வந்துட்டான். எந்த மிருகத்தைப் பாத்தாலும் விரல் முட்டியால டொக்குன்னு ஒரு தட்டு. தட்டுன உடனே அது உள்ளுக்குள்ள காலியாப் போயிரும். பேச்சு இருக்காது, பார்வை இருக்காது. மொதல்ல பெரிய அணிலு. அப்புறம் ராட்டினக் குதிரை ஒவ்வொண்ணா. ஒரே ஒரு செவப்புக் குதிரை மட்டும் முதுகுல குத்துன கம்போட தப்பிச்சு, பிடோக்குக்கு ஓடி வந்து, உங்க அடுக்குமாடி ப்ளாக் கீழ நின்னு கனைச்சுது. பன்னெண்டாவது மாடியில நிரஞ்சனா முழிச்சுக்கிட்டா. அவளுக்குக் கேட்டுச்சு. இந்த எடத்தை நல்லா அழுத்தி வாசிங்க: ஊசி பட்ட காதுலயும் கேட்டுச்சு.

குதிரை மேல ஏறிப் பறந்தா. பார்க்குக்குப் பின்பக்கமா எறங்குனா நடுவுல ஏரி. கொட்டாவி அந்தப் பக்கம். ஒரு படகு நிக்கிது, அந்தப் படகுக்குத் தண்ணிக்கு அடியில தண்டவாளம். எங்களை நேரா அக்கரைக்கு விடுன்னு கெஞ்சுனா. படகு சொல்லிச்சு, நான் பொறந்ததுலேருந்து தண்டவாளத்தை விட்டு எறங்குனதே இல்ல, சுத்தித்தான் போவேன், அதான் ரூல்னு. இந்த மாதிரி ஆளுங்க உண்டு. எங்க கம்பெனி நர்சரியில ஒரு சூப்பர்வைசர் இருக்கான், மழை கொட்டும்போதும் டைம் ஆயிருச்சுன்னு செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவான். போன வாரம் இடியில நின்னுக்கிட்டு ஊத்துனோம். நானும் ஊத்துனேன், மழையும் ஊத்துச்சு. அதை விடுங்க. படகு சுத்திப் போகப் போக, அக்கரையில டொக்கு, டொக்குன்னு சத்தம் கிட்ட வருது.

நிரஞ்சனா ஓடிப் போய் கொட்டாவி முன்னால நின்னு, ராசா வர்றான், ஓடிரு ஓடிருன்னு கத்துனா. அது நகரல. வாயத் தொறந்துக்கிட்டு அவளைப் பாத்து, வா தங்கம், சாப்பிட்டியான்னு கேக்குது. திரும்பவும் கத்துனா. ஏன் தங்கம் வாய வாய அசைக்கிறே, பேச மாட்டியான்னு கேக்குது.

அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சு. காகிதப்பூக் கிளையப் பிடிச்சு ஏறித் தலைய தடவிப் பாத்தா. மாங்கா மாதிரி வழவழன்னு ரெண்டு காது. ஓட்டையே இல்ல. இது நான் இட்டுக்கட்டுனது இல்ல மாப்ள, நீங்க அடுத்த தடவை தட்டப் போகும்போது பாருங்க, செஞ்சவன் ஓட்டை வைக்க மறந்துட்டான். மொதப் பாகம் பூரா கொட்டாவி பேசுச்சு, இவ பதில் சொன்னா, ஒரு பதில் கூட அதுக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்திருக்கு, பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு.

அவ தன் காதைத் தொட்டுக் காட்டுனா. ஒரு காகிதப்பூ முள்ள ஒடிச்சுக் காட்டுனா. கொட்டாவிக்குப் புரிஞ்சுபோச்சு. அத்தாம்பெரிய உருவம், வாயிலேருந்து புகை விடுற உருவம், கிடுகிடுன்னு நடுங்குது. வலிக்குமா தங்கம்னு கேட்டுச்சு. அவளுக்கு என்ன தெரியும்? அவ குத்திக்கிட்டதே இல்லையே.

இங்க உங்க மக ஒரு கேள்வி கேப்பா. ஓட்டை போட்டா ஒழுகுமே, மாமா சொன்னாரேன்னு. கேக்காம விட மாட்டா, குறுக்குக் கேள்வி உங்க வம்சம். அப்ப இப்படிச் சொல்லுங்க: வெறும் ஓட்டைதான்டா ஒழுகும். தோடு போட்டா அடைச்சுக்கும். அப்பா காதுல ஒண்ணும் போடல, அதான் ஒண்ணும் கேக்கல. அம்மா தோடு போட்டிருக்கா, அவளுக்கு எல்லாம் கேக்குது, வெளிய சொல்றதுதான் இல்ல. இதை வாசிக்கும்போது சுதா பக்கம் திரும்பாதீங்க, அவ அழுதுருவா, பிள்ளைக்குக் கதை போயிரும்.

டொக்கு, டொக்கு. ராசா காகிதப்பூச் செடிக்கு வந்துட்டான். கொட்டாவி கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிச்சு, சரி தங்கம், குத்திக்கிறேன், உன் பேச்ச ஒரு தடவையாவது கேக்கணும். ஆனா ஒண்ணு. காது குத்துன்னா மாமன் மடியில உக்காரணுமாமே. என்னை அச்சுல வார்த்து, நட்டு போல்ட்டு போட்டு முறுக்கி லாரியில ஏத்தி விட்டுட்டாங்க. எனக்கு ஆத்தாளே இல்ல. ஆத்தா இல்லாதவனுக்கு மாமன் எங்கேருந்து வருவான்? நான் யாரு மடியில உக்காருவேன்?

இங்க ஒரு நிமிசம் நிறுத்துங்க மாப்ள. நிறுத்திட்டு அவ மூஞ்சியப் பாருங்க. கை இன்னும் காதுல இருக்கா, எறங்கிருச்சான்னு பாருங்க. எனக்கு இங்கேருந்து பாக்க முடியாது. நீங்க பாத்துத்தான் ஆகணும்.

அப்ப நிரஞ்சனா அது கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் சத்தமாச் சொன்னா, அழாத கொட்டாவி, எனக்கு ஒரு மாமா இருக்காரு, உனக்கும் அவரே மாமாவா இருக்கட்டும், அவரு மடியில நம்ம ரெண்டு பேருக்கும் எடம் இருக்கும், முதல்ல நான் உக்காந்து காட்டுறேன், ஆனா ஞாயித்துக்கிழமை அவரு கோயிலுக்கு வரணும்னா எங்க அப்பா ஒரு வார்த்தை

அந்தா லாரி வந்துருச்சு, ஜலாலுதீன் அண்ணன் ஹாரன அமுக்கிக்கிட்டு ஏறுடா சேதுபதி, உன்னை விட்டுட்டுப் போயிருவேன் லான்னு கத்துறாரு, மாப்ள நான்