செருப்பு வைத்த சக்கரம்

விரல்களில் ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன், எலுமிச்சை மூடியால் தேய்த்தும் பார்த்தாயிற்று. புது ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டினால் வருகிற வாடை. உனக்குத் தெரியாததா? மூன்று வருடம் உன் கையில் இருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆன பிறகு என் கைக்கு வந்திருக்கிறது.

உன் வண்டி என் மேசைமேல் நிற்கிறது. ஆனையூர் வீட்டைக் காலி செய்த அன்று உன் மனைவி அதை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். "வேற யாருக்கும் குடுக்க மனசு வரலண்ணே. நீங்கதான அவுக கூடவே திரிஞ்சது" என்றார். அவருக்கு எல்லாவற்றையும் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பேர் ரிமோட் வண்டி ஓட்டினால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் கல்லூரியில் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத் தலைவராக்கிய அதே ஆட்கள். அவர்கள் சிரிப்பை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

முழங்கை நீள வண்டி. ஓடுவதற்கல்ல, பாறைமேல் சக்கரம் சக்கரமாகத் தவழ்ந்து ஏறுவதற்கென்றே செய்தது. ஞாயிறு காலைகளில் கீழக்குயில்குடிக்குப் போவோம். சமணர் படுக்கை இருக்கிற மலையில் நம் சக்கரம் படக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். கண்மாய்க்கு இந்தப் பக்கம் கிடக்கிற உருண்டைப் பாறைகளே நமக்குப் போதுமானதாக இருந்தன.

வாங்கிய மாதமே சண்டை தொடங்கிவிட்டது. முதலில் எந்தப் பாகத்தை மாற்றுவது? நான் மோட்டார் என்றேன். பெரிய மோட்டார், அதற்கேற்ற பேட்டரி. நீ பாறைமேல் குத்தவைத்துக்கொண்டு கேட்டாய்: "அம்புட்டு வேகமா எங்க மாப்ள போகப் போற? அந்தப் பக்கம் பஸ்ஸா நிக்கிது?"

முதலில் டயர், பிறகு எடை, அதன் பிறகு முன்சக்கரங்களைத் திருப்புகிற சர்வோ, மோட்டார் எல்லாவற்றுக்கும் கடைசி. இதுதான் நீ வைத்த வரிசை. அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைத் துண்டுகள் கடைந்து வாங்கி, முன்சக்கரங்களுக்கு உள்பக்கம் மாட்டினாய். பின்னாலும் அதே எடை வேண்டும், அப்போதுதான் சமநிலை என்று நான் அடம்பிடித்து மாட்ட வைத்தேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி மல்லாக்க விழுந்தது. நீ திட்டவில்லை. பின் எடையைக் கழற்றிக்கொண்டே, "ஏறும்போது வண்டி பின்னாலதான மாப்ள சாயுது. முன்னால கூடக் கொஞ்சம் போட்டாத்தான் அது சமம்" என்றாய். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவனுக்கு வங்கியில் வேலை பார்க்கிற நீ விளக்க வேண்டியிருந்தது.

அடுத்தது டயர். உள்ளே கம்பெனி வைத்திருந்த ஸ்பாஞ்சு ஒரே மெதுமெது. சரிவில் போனால் டயர் மடங்கிவிடும். உள்வட்டம் கெட்டியாகவும் வெளிவட்டம் மெத்தென்றும் இரண்டு அடுக்காக இருக்கிற ஸ்பாஞ்சு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நீ காத்திருக்கவில்லை. ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தாய். அதைச் சுற்றி மெத்தை ஸ்பாஞ்சு. அந்த வாரம் வண்டி சரிவுப் பாறையில் குறுக்காக, ஒரு பல்லி போவது மாதிரிப் போனது. நாம் இரண்டு பேரும் கத்திய கத்தலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதம்.

இங்கே இந்த வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நடத்திய போட்டியில், இருக்கிற பாகம் அத்தனையும் மாற்றிய சங்கத் தலைவரின் வண்டி தொங்கிக்கொண்டு நின்ற பாறையில் உன் வண்டி ஏறி இறங்கியது. டயரைப் பிரித்துக் காட்டச் சொன்னார். திருகுகளைக் கழற்றிக் காட்டினாய். நீல ரப்பர், மேலே வெள்ளை.

"என்ன சார் இது, செருப்பு? கால்ல போடுறத உள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க? பரம்பரைப் பழக்கம் விடலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

நம் ஊரில் உன் தாத்தா எங்கள் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றுகிறாரா என்று வாசலில் நின்று பார்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நமக்கு இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. தலைவர் பக்கத்து ஊர்க்காரர். தெரிந்துதான் சொன்னார்.

நீ திருகை முடுக்கிக்கொண்டே சொன்னாய்: "கால்லயும் போட்டிருக்கேன் சார். பாருங்க."

கடையில் வாங்காத பாகம் செல்லாது என்று உன்னைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். திரும்பும் வழியில் நாகமலை புதுக்கோட்டை டீக்கடையில் பைக்கை நிறுத்தினாய். டீ பாதி குடித்த பிறகுதான் பேசினாய்.

"நீ எதுக்குடா சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க மாப்ள, அதுல ஒரு..."

"எல்லாரையும் நான் கேக்கல."

அதோடு சரி. அதன் பிறகும் என்னோடு பாறைக்கு வந்தாய், சங்கத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. மாப்ள என்றுதான் கூப்பிட்டாய். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது யோசித்தால், நீ எனக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று தோன்றுகிறது. இரண்டு வருடம் கொடுத்தாய். நான் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தலைவர் போன் செய்தார். "அண்ணே, சார் நினைவா ஒரு ஓட்டம் வச்சிருக்கோம். அவரு வண்டியவே முதல்ல விடுவோம். நல்ல மோட்டார், ஒரிஜினல் ஸ்பாஞ்சு எல்லாம் அனுப்பியிருக்கேன், மாட்டிருங்க. அந்தச் செருப்ப மட்டும் எடுத்துருங்கண்ணே. போட்டோ வீடியோ எல்லாம் எடுப்பாங்க, நல்லாருக்காது."

பார்சல் வந்தது. உன் டயரைப் பிரித்துப் பார்த்தேன். நீ வைத்த செருப்பு வட்டங்கள் இத்துப்போய், தொட்டால் உதிர்ந்தன. எப்படியும் மாற்றியாக வேண்டும். அவர் அனுப்பிய ஸ்பாஞ்சு அளவு கச்சிதமாக இருந்தது. ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கச்சிதம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நீ கண்டுபிடித்ததை எடுத்துவிட்டு உன் போட்டோவை மட்டும் பேனரில் போடுவார்கள். அதற்கு நான் திருகு முடுக்கிக் கொடுக்க வேண்டும்.

செருப்புக் கடைக்குப் போனேன்.

"என்ன சைஸ் சார்?"

"எதுனாலும் சரி. தடிமனா இருக்கணும்."

"யாரு காலுக்கு?"

"காலுக்கில்லப்பா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பரை எடுத்துப் போட்டான். நான்கு நாள், ஏழு வட்டம் வீணாக்கி நாலு வட்டம் சரியாக வெட்டினேன். உன் சர்வோவில் பல் தேய்ந்திருந்தது, அதைவிடத் திடமான ஒன்று வாங்கி மாட்டினேன். பித்தளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டார் நீ ஓட்டியதுதான். அவர் அனுப்பியதை மறுபடி கட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்று காலை கீழக்குயில்குடியில் பேனர் கட்டியிருந்தார்கள். நீ ஒருநாளும் போடாத கோட்டு ஒன்றை உன் போட்டோவுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு படிவம் நீட்டினார்கள். பெயர், வண்டி, மாற்றிய பாகங்கள். நான் எழுதினேன்: முன் டயர், செருப்பு. பின் டயர், செருப்பு.

தலைவர் படித்துவிட்டு என் தோளில் கை போட்டார். "அண்ணே, உள்ள எதையும் வச்சுக்கங்க, நான் பிரிச்சுப் பாக்கல. அந்த வார்த்தைய அடிச்சிட்டு ஸ்பாஞ்சுன்னு எழுதுங்க. விட்டுர்றேன்."

"செருப்புன்னு இருந்தா என்ன?"

"இத்தனை பேர் இருக்காகள்ல. நல்லாருக்காது."

"அன்னைக்கும் இத்தனை பேர் இருந்தாக. நல்லாத்தான இருந்துச்சு? நீங்க சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஈனப் புத்தி. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அதுக்கு வேற பேரில்ல."

யாரோ பின்னாலிருந்து "செத்தவர வச்சு எதுக்குண்ணே இப்ப வம்பு" என்றார். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் விடவில்லையே என்றேன். தலைவர் கையை எடுத்துக்கொண்டு, இந்த வண்டி ஓடாது, அடுத்த வண்டி என்றார்.

நான் உன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போட்டி எல்லைக்குக் கட்டியிருந்த ரிப்பனுக்கு வெளியே போனேன். அங்கே கிடந்த பாறை அவர்கள் தேர்ந்தெடுத்ததைவிடச் செங்குத்து. இரண்டு தடவை வழுக்கியது. என் வெட்டு உன் வெட்டு மாதிரி இல்லை, ஓரம் பிசிறு. மூன்றாவது தடவை பாதிக்கு மேல் போய் நின்றுகொண்டது. ஏறவும் இல்லை, விழவும் இல்லை. நான் ரிமோட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சரிவில் அது பிடித்துக்கொண்டு நின்றதைச் சங்கத்தில் நாலைந்து பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ மன்னித்திருப்பாய் என்று யாராவது சொல்ல வந்தால் நான் கேட்கப் போவதில்லை. மன்னிக்காதே. எனக்கு அது வேண்டாம். அந்தச் சிரிப்பு என்னிடமே இருக்கட்டும், நான் அதை இறக்கிவைக்கிற உத்தேசத்தில் இல்லை.

அடுத்த போட்டி தை மாதம் என்கிறார்கள். போவேன். படிவம் வாங்குவேன். அதே வார்த்தையை எழுதுவேன். அடிப்பதென்றால் அவர்கள் பேனாவால் அவர்களே அடித்துக்கொள்ளட்டும்.