வலது காது

சிக்கல், ராமநாதபுரம் மாவட்டம்
25.8.2024

அன்பு மகள் உமாவுக்கு அய்யா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க முனியசாமி துணை.

உயில் எழுதினால் ஆள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று உன் அம்மா சோணையம்மாள் புலம்பிக்கொண்டிருந்தாள் அல்லவா? பதிந்துவிட்டு வந்ததிலிருந்து நான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறேன். அதற்கும் புலம்புகிறாள்.

காதுக்கு மிஷின் வாங்கச் சொன்னாயே, எதற்கு? போனில் யார் பேசினாலும் எனக்கு இரைச்சல்தான். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன். ஆனால் நேரில் உன் குரல் மட்டும் வலது காதில் தெளிவாக விழுகிறது. பத்திர ஆபீசில் ஆபீசர் வாயசைத்தது ஒன்றும் புரியவில்லை. நீதான் குனிந்து, "ஒங்க காலத்துக்குப் பெறகு கம்மாக்கரை நெலம் எனக்குன்னு எழுதிருக்குய்யா, சம்மதமான்னு கேக்காரு" என்றாய். தலையாட்டினேன். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. நீ சொன்ன பிறகு படித்து வேறு பார்க்க வேண்டுமா?

மற்றதெல்லாம் உன் தம்பி முனீஸ்வரனுக்கு என்று ஊரே அறியும். மகளுக்குத்தான் எழுத்து வேண்டும். அது முடிந்ததில் எனக்கு நிம்மதி. புரட்டாசியில் விதைத்துவிடுவேன்.

அன்புடன்
அய்யா


கோயம்புத்தூர்
9.9.2024

அன்புள்ள அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். இட்லிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாங்களும் எங்கள் பங்குக்கு எழுதி வைத்துவிட்டோம். எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பது வரைக்கும். நாற்பது வயதில் இதெல்லாம் அபசகுனம் என்று என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

பத்திரம் என்னிடமே இருக்கட்டும். அம்மாவின் பெட்டியில் வைத்தால் தம்பி கண்ணில் பட்டுச் சங்கடம் வரும். இந்த வருஷம் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓய்வாக இருங்களேன் அய்யா. உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்?

உங்கள் மகள்
உமா


சிக்கல்
12.11.2024

உமாவுக்கு,

பயிர் இன்சூரன்சுக்கு அடங்கல் சான்று வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் பெண்பிள்ளை ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னது, அதுவும் கேட்கவில்லை. கடைசியில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தியது.

"பெரியவரே, நெலம் ஒங்க பேர்ல இல்ல. ஒங்க மகளுக்கு ஆவணியிலயே தானமாக் குடுத்துட்டீகளே!"

நான் சிரித்தேன். "அது உயிலு தாயி. என் காலத்துக்குப் பெறகுதேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பத்திர ஆபீசில் நகல் வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தேன். 'இன்று முதல்' என்று இருக்கிறது. 'என் காலத்துக்குப் பிறகு' என்று எந்த வரியிலும் இல்லை.

நெல் முழங்கால் உயரம் நிற்கிறது. அது யாருடைய நெல் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நீ என் காதில் சொன்னது என்ன? நான்தான் தப்பாகக் கேட்டேனா? அப்படியென்றால் அதையாவது எழுது. பழியைக் காதுமேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

அய்யா


கோயம்புத்தூர்
20.11.2024

அய்யா,

நீங்கள் தப்பாகக் கேட்கவில்லை. நான்தான் மாற்றிச் சொன்னேன்.

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்று வக்கீல் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கோகிலா அத்தைக்குக் கிணற்றடி நிலம் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு ஒரு பட்டுச்சேலையைக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். அத்தை அந்தச் சேலையைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

உங்களை நம்பாமல் இல்லை அய்யா. தம்பி வந்து அழுதால் இளகிவிடுவீர்களோ என்று பயந்தேன். பத்திரம் என் பேரில் இருந்தாலும் நிலம் உங்களுடையதுதான். நீங்கள் இருக்கும்வரை உழுங்கள். இன்சூரன்சுக்குச் சம்மதக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறேன். என்மேல் கோபம் வேண்டாம், நேரில் உங்கள் காதோடு எல்லாம் சொல்கிறேன்.

உங்கள் மகள்
உமா


சிக்கல்
2.12.2024

திருமதி உமாமகேஸ்வரி அவர்களுக்கு,

சம்மதக் கடிதம் கிடைத்தது. இன்சூரன்சுக்குக் கெடு முடிந்துவிட்டதால் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோகிலா விஷயத்தில் எழுதியது அத்தனையும் சரி. அவளுக்குச் செய்ததை மகளுக்குச் செய்யக்கூடாது என்றுதான் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் எழுதவே வந்தேன்.

முனீஸ்வரன் அழத்தான் செய்தான். பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முந்தின நாள் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அது ஒங்க அக்காவுக்குன்னு முடிவு பண்ணது, மாத்த மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். கேட்டால் மனசு கஷ்டப்படுமே என்று அக்காவிடம் சொல்லாமல் விட்டேன்.

ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். நிலம் உங்களுடையது. அறுப்பு முடிந்ததும் வயலை ஒப்படைத்துவிடுகிறேன், ஆள் அனுப்பவும்.

நேற்று ராமநாதபுரம் போய்க் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டேன். எல்லாம் கேட்கிறது. எனக்குக் கேட்காது என்று நினைத்து சோணையம்மாள் அடுப்படியில் அழுவதும் கேட்கிறது.

பொங்கலுக்குத் தாராளமாக வரலாம். எதிரில் உட்கார்ந்தே பேசலாம். இனி யாரும் என் காதருகே வந்து சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மு. வீரபத்திரன்