எந்தப் பக்கமிருந்து, மச்சான்?

மார்ச் 4, மதியம்

பேனல்காரர் அவர்களுக்கு,

பிரசவ ஆஸ்பத்திரியின் புது மூன்றாம் மாடியில் பன்னிரண்டு அறைக்கும் வயர் இழுத்து, புகை டிடெக்டர் மாட்டியாகிவிட்டது. கீழே இருக்கும் தீ அலாரப் பேனலில் கிளம்பிய வயர், எல்லா டிடெக்டரையும் தொட்டுக்கொண்டு பேனலுக்கே திரும்பி வருகிறது. ஒவ்வொரு டிடெக்டரின் முதுகிலும் உள்ள குட்டி சுவிட்சுகளைத் தள்ளி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் கொடுத்துவிட்டேன். எந்த எண் எந்த அறை என்று பேனலில் ஏற்றுவது உங்கள் பாடு.

காலையில் நான், மாலையில் நீங்கள் என்று ஷிஃப்ட் பிரித்துக் கேட்டது நான்தான். போன ஓட்டல் வேலையில் பேனல் பழுது காட்டியபோது, நான்கு பேர் பார்க்க முதலாளியிடம் "வயரிங்தான் சார் தப்பு" என்று சொன்ன மனிதரோடு ஒரே ஏணியைப் பிடிக்க எனக்கு மனசில்லை. சொல்ல வேண்டியதை எழுதி பேனல் கதவுக்குள் செருகிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யவும்.

இப்படிக்கு,
வயர்காரன்

மார்ச் 4, மாலை

அன்புள்ள மச்சானுக்கு,

"அவர்களுக்கு" என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ்தான் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. இவ்வளவு மரியாதை இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஓட்டலில் பேனல் காட்டியதைத்தான் சொன்னேன். வயரைக் கடித்தது எலி என்று தெரிந்த பிறகு, அதே முதலாளியிடம் போய் அதையும் சொன்னேன். அதற்குள் நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். எலி செய்த காரியத்துக்கு ஆறு மாதமாக நான் தண்டனை அனுபவிக்கிறேன்.

அறைப் பெயர்களை ஏற்றிவிட்டேன். பன்னிரண்டும் பதில் சொல்கின்றன, பேனல் பச்சை காட்டுகிறது. உங்கள் தங்கை சௌக்கியம். வயிறு பெரிதாகிவிட்டதால் செருப்பு மாட்டிவிட என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 5, மதியம்

பேனல்காரருக்கு,

எலியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். நேற்று ஏணியை நடைவழியில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கட்டில் போட வந்த நர்ஸம்மா என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார். என் டேப்பையும் காணவில்லை. யார் எடுத்தது என்று கேட்கப் போவதில்லை.

நாளை மறுநாள் தீயணைப்பு அதிகாரி பார்வையிட வருகிறார். பேனல் பச்சை காட்டுகிறது என்றால் நம் வேலை முடிந்தது. அடுத்த கட்டடத்துக்குப் பேனல் வேலை பார்க்க வேறு ஆளைக் கேட்டிருக்கிறேன். இப்படி எழுதிக்கொண்டிருக்கிற தொல்லையும் இனி உங்களுக்கு இருக்காது.

வயர்காரன்

மார்ச் 5, மாலை

மச்சான்,

வேறு ஆள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. டேப்பை எடுத்தது நான்தான், இதோடு வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்காகப் பரிந்து பேசினாள் என்று உங்கள் தங்கையின் போனைக்கூட எடுக்காமல் இருக்கிறீர்கள். இந்த வேலை தொடங்கிய நாளாக, நாம் சமாதானமாகிவிட்டோம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை மும்முரத்தில்தான் நீங்கள் போன் எடுப்பதில்லை, வீட்டுக்கு வருவதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணன் என்ன சொன்னான்?"

நானும் என்ன செய்வது? "கால் வீங்கியிருக்கானு கேட்டாரு" என்றேன். நேற்று, "மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்றேன். "இன்னும் என்னைச் சின்னப் பிள்ளைனே நினைச்சிட்டிருக்கான்" என்று சிரிக்கிறாள். நீங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் நானே கேட்டு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது, மச்சான்.

அடுத்த வாரம் இந்த மாடி திறந்ததும் பன்னிரண்டாம் அறையில்தான் அவளைச் சேர்க்கிறேன். அவளே கேட்டு வாங்கிய அறை. சத்தமில்லாத கோடி அறையாம். "அண்ணன் மாட்டினதுக்குக் கீழ படுத்தா எனக்குப் பயமில்ல" என்கிறாள். நீங்கள் வேறு ஆளோடு போங்கள், தடுக்கவில்லை. போகிற முன் அவளிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 6, மதியம்

மாப்பிள்ளை,

காலையில் கடிதத்தைப் படித்தேன். கோபம்தான் முதலில் வந்தது. என் பேரில் பேச உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று நினைத்தேன். பிறகு கால் வீக்கம் ஞாபகம் வந்தது. நிஜமாகவே வீங்கியிருக்கிறதா என்று அதில் எழுதவே இல்லையே.

டிடெக்டரைச் சோதிக்கிற புகை டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகப் பன்னிரண்டாம் அறைக்குப் போனேன். அவள் கட்டிலுக்கு மேலே இருக்கிற டிடெக்டரில் புகையை அடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்தியாகக் கீழே வந்து பேனலைப் பார்த்தால், "மூன்றாம் மாடி, அறை 1" என்று காட்டுகிறது.

மறுபடி மேலே ஓடி முதல் அறையிலும் அடித்துப் பார்த்தேன், பேனல் "அறை 12" என்றது. வயர் மேலே ஏறி வருகிற பக்கம்தான் எனக்கு எப்போதும் ஒன்று, இங்கே அது பின்பக்க மாடிப்படி. அங்கிருந்துதான் எண் கொடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு லிஃப்ட் பக்கம் ஒன்று, நீங்கள் அவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் பெயர் ஏற்றிவிட்டீர்கள். பன்னிரண்டு அறையும் தலைகீழ். பேனலைச் சொல்லிக் குற்றமில்லை. எண்ணைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, பச்சை காட்டுகிறது. அறை மாறியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

எத்தனை கட்டடம் பார்த்திருப்போம். மாடிக்கு மாடி, கீழேயிருந்து நீங்கள் கேட்கிற முதல் கேள்வியே "எந்தப் பக்கமிருந்து, மச்சான்?" என்பதுதானே. இந்த ஒரு மாடியில் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அறையில் தீப்பிடித்திருந்தால் நர்ஸுகள் அத்தனை பேரும் எதிர்க்கோடிக்கு ஓடியிருப்பார்கள்.

சரிசெய்வது பெரிய காரியமில்லை. நீங்கள் பேனலில் பெயர்களைத் திருப்பி ஏற்ற வேண்டும். நான் அறை அறையாகப் புகை அடிக்க வேண்டும். ஆனால் இதைக் கடிதம் எழுதிச் செய்ய முடியாது. அதனால் ஷிஃப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பேனல் மேல் ஒரு வாக்கி-டாக்கி வைத்திருக்கிறேன், இன்னொன்று என் கையில் இருக்கிறது. வந்ததும் கூப்பிடுங்கள். வேறு ஆள் வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன்.

ஒரு வாக்கியம் கேட்டீர்கள், எழுத மாட்டேன். வேலை முடிந்ததும் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன், அவளிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால், என் பேரில் இதுவரை என்னென்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் வாக்கியில் சொல்லிவிடுங்கள். அவள் முன்னால் போய் நான் திருதிருவென்று விழிக்கக் கூடாது.

பன்னிரண்டாம் அறையில் காத்திருக்கும்,
மச்சான்