நல்ல செய்திக்குக் கோப்பி

இன்று காலை பிக்கரிங்கிலிருந்து மகள் ஃபோன் எடுத்தாள். "அம்மா, நான் பிள்ளைத்தாய்ச்சி. மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ." "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டு, நீ தந்த நீளக் கைப்பிடிச் செப்புச் சட்டியை எடுத்துக் கோப்பி போட்டேன். அது பொங்கி மணம் எழும்பியதும் நீயே குசினிக்குள் வந்து நின்றாய், சிநேகிதி.

தொண்ணூறுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வோபர்ன் ஆங்கில வகுப்பில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நீ சரயேவோ, நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள், இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் நான் அங்கே ஒழுங்காகப் படித்த முதல் வினைச்சொல் உன் மொழியில்தான்: ச்சாஸ்திதி. மரியாதை என்று பொருள்படும் ச்சாஸ்த் என்ற சொல்லில் பிறந்தது. ஒருவருக்கு மரியாதை செய்வது, அதாவது உபசரிப்பது என்றாய். கோப்பி ஊற்றியபடி ராகம் போடுவாய்: ச்சாஸ்திம், நான் உபசரிக்கிறேன், ச்சாஸ்திஷ், நீ, ச்சாஸ்தி, அவள், ச்சாஸ்திமோ, நாங்கள், ச்சாஸ்திதெ, நீங்கள், ச்சாஸ்தே, அவர்கள். உங்கள் ஊரில் நல்ல செய்தி கிடைத்தவர்தான் மற்றவர்களை உபசரிக்க வேண்டுமாம், அதுவும் அன்றைக்கே. உன் பல்வலி நின்றதற்குக்கூட வகுப்புக்குக் கேக் வந்தது!

நானோ கண்ணூறுக்குப் பயந்தவள். கொழும்பில் நின்ற கணவருக்கு விசா கிடைத்துவிட்டது. அவர் வந்து இறங்கும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். சொன்னால் தட்டிப்போய்விடுமே! என் முகம் காட்டிக்கொடுக்க, நீ தோண்டித் தோண்டிக் கேட்டு எடுத்துவிட்டாய். எடுத்ததும் வந்ததே ஒரு கோபம்! உன் ஆங்கிலம் மறந்துபோச்சு, என் தமிழில்தான் நினைவிருக்கிறது: "மறைச்சா வைச்சனி? எங்கட கோப்பி எங்கை?"

"அவர் வராமல் விட்டால்?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வராட்டில், உன்னோடை இருந்து அழவும் ஆக்கள் வேணுமெல்லோ? இண்டைக்குச் சிரிக்கக் கூப்பிடாட்டில் அண்டைக்கு ஆர் வருவினம்?"

அன்று மத்தியானமே ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கி வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். அவர் வந்து இறங்கிய அன்று அந்த வகுப்பே விமான நிலையத்தில் நின்று கைதட்டியது. மனுசன் திகைத்துப்போய், "உவை ஆரப்பா?" என்றார். "றோல்ஸ் சாப்பிட்ட ஆக்கள்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

போன மாரியில் உன்னை மண்ணுக்குள் வைத்து வழியனுப்பிவிட்டு வந்தபோதும், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதே ஆட்கள்தான்.

இதோ, பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டுகிறா. "என்ன பிள்ளை, கோப்பி மணக்குது, ஏதும் விசேஷமோ?" மகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள். ஆக்கட்டும், அவளுக்கும் ஆட்கள் வேண்டும்.

"ச்சாஸ்திம், அன்ரி. உள்ளுக்கு வாங்கோ."