லயத்து மரங்களுக்கு அரைக்கட்டி

என் அன்பு அப்பா,

நெஞ்சுவலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு மாதம் ஆகிறது. சுங்கை செம்பிலாங் கரையில் உங்கள் சாம்பலைக் கரைத்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. தினமும் புஞ்சாக் ஆலாமுக்குப் படிக்கப் போகிறேன், வருகிறேன். குழம்பில் உப்பு சரியா என்று அம்மா கேட்டால் தெரியவில்லை.

செம்பனை மரத்துக்கு ஒரு கட்டி எலிமருந்து என்பது தோட்டத்துக் கணக்கு. நம் வீடுகள் இருக்கும் லயத்தை ஒட்டிய மரங்களுக்கு மட்டும் நீங்கள் பாதியாக உடைத்து வைப்பீர்கள். கோழிகளும் பிள்ளைகளும் திரியும் இடம். போன வருடம் மருந்தைத் தின்ற பிறகும் எலிகள் பழக்குலையைக் கொறித்தன.

"எலிக்கும் புத்தி வந்துடுச்சு லா," என்று சிரித்தீர்கள்.

"புத்தியெல்லாம் இல்லப்பா. மருந்து தாங்காதது செத்துடுச்சு. தாங்குனது குட்டி போட்டுச்சு, அந்தக் குட்டிங்களும் தாங்குது. அரைக்கட்டி வச்சு நீங்களே வளத்து விட்டுட்டீங்க."

நீங்கள் கை கழுவப் போனீர்கள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. மறுநாள் முதல் லயத்துப் பக்கமும் முழுக்கட்டி வைத்தீர்களாம். அந்த வாரமே நம் சேவல் செத்ததையும், எனக்குத் தெரியாமல் புதைத்ததையும் அம்மா இப்போதுதான் சொன்னார்.

அப்பா, முழுக்கட்டி வைத்த மர நிரைகளிலும் எலிகள் பிழைத்துத்தானே கிடந்தன? ஆற்றோரத்து நிரைகளில் நீங்கள் ஒருநாளும் உடைத்து வைத்ததில்லையே. எத்தனை தலைமுறை எலிகள் அதே மருந்தைத் தின்றன! இது உங்கள் அரைக்கட்டியால் வந்ததல்ல. புத்தகத்தில் படித்த எனக்கு அன்று அந்த நிரைகள் ஏன் கண்ணில் படவில்லை?

நேற்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் புது மண்டோர், நம் வீட்டுக்குப் பின்னால் ஆந்தை வந்து தங்கும் கூண்டைக் கம்பத்தோடு நட வந்தார். அம்மா வழியை மறித்துக்கொண்டார்.

"ஒரு சாவு பாத்தாச்சு. ஆந்தைய வேற கூப்புடணுமா?"

"அக்கா, அது எலியத்தான் தூக்கும். ஆள இல்ல. மருந்து தின்ன எலியத் தின்னா அதுவே செத்துடும். அதனால லயத்துப் பக்கம் இனிமே மருந்தே கெடையாது."

அம்மா என்னைப் பார்த்தார். "நடட்டும்மா," என்றேன்.

கூண்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை, லயத்து மரங்களடியில் மிச்சமிருக்கும் முழுக்கட்டிகளை நானே பொறுக்கி எடுத்துவிடுவேன். ஒன்றையும் விடமாட்டேன். கையுறை போட்டுக்கொள்வேன், பயப்படாதீர்கள்.

தப்பாகச் சொல்லிவிட்ட
உங்கள் மகள்